நரம்புக் காயம்: எது தானே ஆறும், எது ஆறாது?

கைகால்களுக்குச் செல்லும் நரம்புகளின் காயம் மூவகைப்படும். நாற்காலியில் கையைத் தொங்கவிட்டு உறங்கியதால் நரம்பு அழுந்தி மணிக்கட்டு தொங்கினால், பெரும்பாலும் சில வாரங்களில் தானே சீராகும். எனினும் மருத்துவரே அதனை உறுதிசெய்தல் வேண்டும். உறை சிதையாமல் உள்ளிழை மட்டும் அறுந்தால், அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வளரும், முழங்கையிலிருந்து விரலை எட்டப் பல மாதங்கள் ஆகும். விரலை நோக்கி நகரும் கூச்ச உணர்வு இவ்வளர்ச்சியின் அறிகுறியாகும். கத்தியோ கண்ணாடியோ வெட்டி நரம்பு முழுவதும் துண்டானால் அறுவை சிகிச்சை தேவை. ஆகவே வெட்டுப்பட்டபின் விரல் மரத்தாலோ அசையாவிட்டாலோ, தோலுக்குத் தையல் போட்டதோடு நின்றுவிடாமல் அன்றே மருத்துவரிடம் கூறுங்கள்.

உணர்வு திரும்பும்வரை அக்கையை வெந்நீரும் அடுப்பும் சுடாமல் காத்திடுங்கள். இயன்முறைப் பயிற்சியையும் கைவிடாதீர்கள். மூட்டு இறுகிவிட்டால், நரம்பு தேறினாலும் கை முழுமையாக இயங்காது.