காயம் படாத தசை ஏன் கரைகிறது?

சத்திர சிகிச்சை முடிந்து பத்து நாள் படுத்திருந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள், “ஆளே பாதியாய் இளைத்துவிட்டாரே!” என்று அங்கலாய்ப்பதும், ஆகாரம் செல்லாததும் படுத்தே கிடந்ததுமே அதற்குக் காரணமென்று சமாதானம் கொள்வதும் நாம் நித்தியம் காண்கிற காட்சியே. ஆனால், அந்தச் சமாதானம் பாதி உண்மைதான் என்பதை 1930-ஆம் வருஷத்தை ஒட்டி எடுத்துக்காட்டியவர், ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் ஆராய்ச்சி செய்துவந்த டேவிட் கத்பர்ட்ஸன் என்னும் ரசாயன அறிஞர்.

எலும்பு முறிந்து வந்தவர்களின் சிறுநீரை நாள்தோறும் சோதித்த அவர், அதில் நைட்ரஜன் மிகுவதையும், உடன் கந்தகமும் பாஸ்பரஸும் ஏறக்குறையத் தசையில் அமைந்துள்ள விகிதத்திலேயே வெளியேறுவதையும் கண்டார். முறிந்த இடத்தில் நசுங்கிய சதை மட்டும் அவ்வளவையும் தந்திருக்க இயலாது. அடிபடாத தசைகளும் கரைந்திருக்க வேண்டும். பின்னர், தொடையெலும்பு முறிக்கப்பட்ட எலிகளிடத்தும் இதே விளைவு காணப்பட்டது. இத்தகைய பரிசோதனையில் எலியின் கூண்டுக்கு அடியில் கம்பிவலை, வலைக்கு அடியில் புனல், புனலுக்கு அடியில் குப்பி என்று வைத்து, தின்ற தீனியை ஒருபுறமும் கழித்த நீரை மறுபுறமும் அளக்கிறார்கள்; 1 கிராம் நைட்ரஜன் அதிகமாகக் கழிந்தால் 6.25 கிராம் புரதம், அதாவது சுமார் 30 கிராம் தசை, கரைந்ததென்பது கணக்கு.

காயம் பட்டதும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிஸாலையும் அட்ரினலினையும் ரத்தத்தில் மிகுதியாக விடுகிறது. தசையோ இன்சுலினுக்கு முன்போல் இணங்காமல், தன் புரதத்தையே உடைத்து, குளூட்டமின், அலனின் முதலிய அமினோ அமிலங்களாக வெளியே அனுப்புகிறது. கல்லீரல் அவற்றை ஏற்று, புண்ணுக்கு வேண்டிய குளுக்கோஸையும், ரத்தம் உறைவதற்கும் கிருமிகளை எதிர்ப்பதற்கும் உதவும் புரதங்களையும் ஆக்கிக்கொள்கிறது. உடம்பையும் புண்ணையும் காயம் என்னும் ஒரே ஒலியால் தமிழ் குறிப்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும், காலில் பட்ட அடிக்குத் தோளும் முதுகும் தம் பொருளைக் கொடுக்கக் காணும்போது எனக்கு அச்சொல்லே நினைவுக்கு வருகிறது.

அடிபட்ட உடனே உடலின் வினைகள் தாழ்வதையும், பிறகு பல நாள் உயர்ந்தோங்குவதையும் கடலின் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒப்பிட்டு 1942-இல் கத்பர்ட்ஸன் பெயரிட்டார். பெருக்கின் காலத்திலேதான் தசை கரைகிறது. ஆனால் புரதமற்ற தீனியால் முன்பே வாடியிருந்த எலிக்கு எலும்பு முறிந்தபோது நைட்ரஜன் அவ்வாறு மிகவில்லை. கொடுப்பதற்குக் கையிருப்பு அதனிடம் இல்லை. பிற்காலத்தில் இன்னொன்றும் தெரிந்தது: 20 டிகிரி வெப்பமுள்ள அறைக்குப் பதிலாக 30 டிகிரியில் எலிகளை வைத்திருந்தபோது, அதே முறிவுக்கு அவை இழந்த தசை குறைவாயிருந்தது.