பயறு மூட்டையில் நெரிசல் கூடினால் வண்டு பறக்கும்!

கொங்கு மண்டலத்தில் மானாவாரிச் சோளத்தோடு தட்டைப்பயறு, கொள்ளு, மொச்சை போட்டு எடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தை, மாசியில் அடித்துத் தூற்றிய பயறில் ஒரு பங்கை அடுத்த விதைப்புக்கு எடுத்துவைப்பார்கள். புரட்டாசியில் மூட்டையைப் பிரித்தால் ஓட்டையும் மாவுமாகக் கொட்டும். இது பயறு வண்டின் வேலை.

இந்த வண்டு மூட்டையில் தானாகப் பிறப்பதில்லை. வயலில் நெற்று காயும்போதே முட்டையிட்டுவிடுகிறது. ஒரு பெண் வண்டு 80 முட்டை வரை இடும். முட்டையிலிருந்து வண்டாக வெளிவர, நம் வெயிலுக்கு ஒரு மாதம் போதும். பிறப்பதில் பாதி பெண் என்று வைத்துக்கொண்டால், மூன்றாம் தலைமுறையில் மட்டும் 64,000 பெண் வண்டுகள் இருக்க வேண்டும். நிஜத்தில் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. இடமும் தீனியும் போதாமல் போவதே காரணம். ஆனால், அந்த நெரிசல் வண்டின் உடம்பையே மாற்றிவிடுகிறது.

ஒரு பயறில் எத்தனை புழு?

தாய் வண்டு முதலில் ஒரு பயறுக்கு ஒரு முட்டை என்றுதான் பரப்பி இடும். வெறும் பயறு கிடைக்காதபோதுதான் ஒன்றின் மேலேயே பல முட்டை இடும். பாசிப்பயறு போன்ற சிறு பயறில் ஓரிரு புழுக்கள்தான் பிழைக்கும். தட்டைப்பயறு, மொச்சை போன்ற பெரிய பயறில் பல புழுக்கள் பங்குபோட்டுத் தின்று வளரும். அப்படி வரும் வண்டுகள் சிறுத்து, எடை குறைந்து இருக்கும்.

வளர்ந்த வண்டு பயறைத் தின்பதில்லை. புழுப் பருவத்தில் சேர்த்த சத்துதான் முட்டையாகிறது. அதனால் சிறுத்த வண்டு குறைவாகவே முட்டையிடும். இதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம். வண்டு சிறுத்திருக்கிறது என்றால், பயறு ஏற்கெனவே தீர்ந்துவருகிறது என்று பொருள்.

சூடு ஏறினால் வேறு வண்டு

புழுக்கள் கூடக்கூட, அவை விடும் மூச்சால் குவியலுக்குள் சூடு ஏறும். பூச்சி பெருத்த இடத்தில், காய்ந்த தானியம்கூட 42 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். நெரிசலும் சூடும் சேர்ந்தால், அடுத்துப் பிறப்பவற்றில் பல பறக்கும் வகையாக இருக்கும். ஜப்பான் பேராசிரியர் உடிடா, பயறு வண்டில் இப்படி இரு வகை இருப்பதை 1954-ல் எழுதினார்.

மூட்டையிலேயே கிடக்கும் வகை பிறந்த உடனே முட்டையிடும். பறக்கும் வகையின் உடம்பில் கொழுப்பு அதிகம், ஆயுளும் அதிகம். முட்டை குறைவு, அதையும் சில நாள் கழித்தே இடும். பறந்துபோய் வேறு இடம் பிடிப்பதற்கான உடம்பு அது. ஆகவே, வண்டு பறக்கிறது என்றால் மூட்டை தப்பித்தது என்று அர்த்தமல்ல. பக்கத்து மூட்டைக்கும், காட்டில் காயும் நெற்றுக்கும் ஆபத்து கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

மற்ற பூச்சிகள்

மாவில் வரும் செந்நிற வண்டு, நெரிசல் கூடினால் தன் இனத்தின் முட்டையையும் கூட்டுப்புழுவையுமே தின்னும். அது விடும் கழிவால் மாவு நாறும், இளஞ்சிவப்பாக மாறும். சோளம், கோதுமையில் வரும் காப்ரா வண்டின் புழு, நெரிசலில் வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சாக்குத் தையலிலும் சுவர் விரிசலிலும் பதுங்கும். தீனி இல்லாமலே வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். பழைய சாக்கைக் கொதிநீரில் முக்கிக் காயவைக்காமல் புதுத் தானியம் பிடிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

நெரிசலுக்கு முன்பே செய்ய வேண்டியவை

* பயறை 8 முதல் 10 சதவிகித ஈரப்பதம் வரும்வரை காயவையுங்கள். கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும்.
* வாரம் ஒருமுறை ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். பயறின் மேல் வெள்ளைப் புள்ளி இருந்தால் அது முட்டை. ஒரே பயறில் இரண்டு, மூன்று புள்ளி தெரிந்தால் நெரிசல் தொடங்கிவிட்டது.
* மூட்டைக்குள் கையை விடுங்கள். நடுவில் கதகதப்பு தெரிந்தால் அன்றே கொட்டிக் காயவையுங்கள்.
* கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய டூ-இன்-ஒன் பொறியைப் பயறுக்குள் செருகி வைத்தால், அலையும் வண்டுகள் துளை வழியே உள்ளே விழும். வண்டு வந்ததை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கலாம்.
* சாப்பாட்டுப் பயறைப் பருப்பாக உடைத்து வையுங்கள். உடைத்த பருப்பில் இந்த வண்டு அதிகம் தங்காது.
* விதைப் பயறுக்கு, கிலோவுக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் கலந்து புரட்டுங்கள். முன்னோர் செய்த செம்மண் கட்டும் முறையும் நல்லதே.
* காற்றுப் புகாத டிரம்மில் வாய்வரை நிரப்பி மூடுங்கள். உள்ளே மாட்டிய பூச்சிகள் இருக்கும் பிராண வாயுவைத் தீர்த்துத் தாமே சாகும். அடிக்கடி திறந்தால் பலன் இல்லை.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். அதன் புகை உறங்கும் பிள்ளைகளையும் கொல்லும். பயிற்சி பெற்றவர்கள், ஆள் குடியிருக்காத கிடங்கில் மட்டுமே கையாள வேண்டியது அது.

புள்ளி தெரியும்போதே கவனித்தால் வெயிலே போதும். வண்டு பறக்கும்வரை காத்திருந்தால், புரட்டாசியில் விதைக்குக் கடைக்குத்தான் போக வேண்டும்.