சட்டத்தைக் கேளாத சட்டப் பரீட்சை

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு ஒரு நாள் மாலை, சம்மாந்துறையிலிருந்து வேளாண்மைக்காரர் ஒருவர் தம் மகளையும் அழைத்துக்கொண்டு எமது இல்லத்திற்கு வந்தார். மகள் எம்மிடம் இரண்டாண்டு தமிழ் கற்றவள். உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தவள். தந்தையார் கையிலிருந்த பையைத் திறந்து, செங்கல் பருமனில் ஒரு நூலை எடுத்து மேசைமேல் வைத்தார். தண்டனைச் சட்டக்கோவை!

"சேர், இவ சட்டக் கல்லூரிச் சோதினை எடுக்கப் போறாவாம். கொழும்புக்குச் சொல்லிவிட்டுப் புத்தகமும் எடுத்தாச்சு. இனி நீங்கதான் வழி சொல்லணும்" என்றார்.

"காக்கா, இந்தப் புத்தகத்திலிருந்து ஒரு கேள்வியும் வராது" என்றோம்.

அவர் முகம் வாடிற்று. சட்டத்தைக் கேளாமல் சட்டக் கல்லூரிக்கு எப்படி ஆள் எடுப்பார்கள் என்று அவர் வினவியதில் நியாயம் இல்லாமலில்லை. இந்தக் கரையில், மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை, பிள்ளையைச் சட்டத்தரணியாக்க விரும்பும் பெற்றோரிற் பலர் இதே எண்ணத்துடனேயே இருக்கின்றனர்.

கொழும்புப் புதுக்கடையிலுள்ள இலங்கைச் சட்டக் கல்லூரி 1874இல் தோன்றியது. அதனுட் புகுவதற்கான பரீட்சை இரு கூறுகளை உடையது: ஒன்று மொழி; மற்றது பொது அறிவும் நுண்ணறிவும். சட்டம் பின்னர் மூன்றாண்டுகளில் கற்பிக்கப்படும். அதன்பின் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிற்சி. பின்னர் உயர் நீதிமன்றத்தின் முன்னிலையிற் சத்தியப்பிரமாணம். முன்னாளில் நம் ஊரார் அப்புக்காத்து என்றும் பிரக்கிராசி என்றும் இரு வகையினரைச் சொல்வர். 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் அவ்விருவரையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணி என ஆக்கிற்று. பல்கலைக்கழகத்திற் சட்டமாணிப் பட்டம் பெறுவோரும் தொழில் செய்ய வேண்டுமாயின் ஈற்றில் இதே கல்லூரியின் வாசலுக்கு வந்தேயாக வேண்டும்.

நுழைவுப் பரீட்சை தேடுவது சட்டம் அறிந்தவரை அன்று, வாசித்ததை விளங்கிக்கொள்பவரை. நம் பிள்ளைகள் இடறுவதும் அங்கேதான். ஆசிரியர் தரும் குறிப்பை மனனஞ் செய்து ஒப்புவித்தே அவர்கள் உயர்தரம் வரை வந்துவிடுகின்றனர். இதில் ஆசிரியராகிய எமக்கும் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

அம்மாணவியைச் சோதிக்க, அன்றைய நாளிதழின் ஆசிரியர் தலையங்கத்தைக் கொடுத்து, அதன் கருத்தை ஒரே வசனத்திற் கூறுமாறு பணித்தோம். அவள் தலையங்கம் முழுவதையும் வரிசை பிசகாமல் ஒப்புவித்தாள். நினைவாற்றல் வியக்கத்தக்கது, ஆனால் எழுதியவர் எதை ஆதரிக்கின்றார், எதை மறுக்கின்றார் என்று கேட்டபோது மௌனமே விடையாயிற்று.

பின்னர் வேறொரு வழியை நாடினோம். "ஒருவர் மனைவியையும், ஆண்மக்கள் இருவரையும், பெண்மக்கள் மூவரையும் விட்டு மறைந்தார், பெற்றோர் முன்னரே காலமாயினர், கடனில்லை, வயல் 8 ஏக்கர். யாருக்கு எவ்வளவு?" என்றோம். அவள் தாளை எடுக்குமுன் தந்தையாரே விடை கூறிவிட்டார்: மனைவிக்கு எட்டிலொன்றாகிய 1 ஏக்கர், மிகுதி 7 ஏக்கரில் ஆண்மக்களுக்கு இவ்விரண்டு, பெண்மக்களுக்கு ஒவ்வொன்று. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் இறங்குரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி இந்நாட்டு நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்ளும் கணக்கும் இதுவே.

"சரி, வீடுவளவு?" என்றோம். அவர் சிரித்தார். அது மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதியாயிற்றாம். இந்தக் கரையிலே தமிழராயினும் முஸ்லிம்களாயினும் வீடு பெண்ணுக்கு என்பது நெடுநாள் வழக்கம். மார்க்கச் சட்டம் ஒரு பக்கம், ஊர் வழக்கம் ஒரு பக்கம், அரசாங்கத்தின் உறுதிச் சட்டம் மற்றொரு பக்கமாக நிற்கும் இவ்விடத்தில், மூன்றையும் அறிந்த ஒருவர் எத்துணை வேண்டப்படுகின்றார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவற்றுள் உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் அடங்கும். எல்லைக் கல்லையே காணாதவர்கள் தம் வளவு இதுதான் என்று எவ்வாறு மெய்ப்பிப்பர்?

எனினும் அன்று எம் மனத்தைத் தொட்டது வேறொன்று. இந்த ஆசை எப்படிப் பிறந்தது என்று கேட்டோம். மகள் தந்தையைப் பார்த்தாள். அவர் சிறிது தயங்கி, ஒரு வயல் வழக்கைப் பற்றிக் கூறினார். வழக்கு இங்கே தமிழில் நடந்தபோது எதிராளி சொன்ன பொய்கூட அவருக்கு விளங்கிற்றாம். மேன்முறையீட்டுக்காகக் கொழும்பு சென்றவர், பகல் முழுதும் பின் வாங்கில் அமர்ந்திருந்தார்.

"என்ட பேர் மட்டுந்தான் விளங்கிச்சு, சேர். வெண்டமா தோத்தமா எண்டு வெளியே வந்து ஒருத்தர்ட்டக் கேட்டுத்தான் தெரிஞ்சிக்கிட்டன்."

அரசியலமைப்பு தமிழையும் நீதிமன்ற மொழியாக ஏற்றுள்ளது. வடக்கிலும் கிழக்கிலும் வழக்குகள் தமிழில் நடைபெறுகின்றன. மேலே செல்லச் செல்ல ஆங்கிலமே ஓங்கி நிற்கின்றது. சட்டக் கல்லூரியின் பரீட்சைகளை முற்றாக ஆங்கிலத்தில் நடத்துவதற்கான விதிகள் 2020 டிசம்பரில் வர்த்தமானியில் வெளியானபோது, இக்கரையில் ஏக்கம் பரவியது. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அவ்விதிகளை வாக்கெடுப்பில் நிராகரித்தது. பலர் பெருமூச்சு விட்டனர், நாமும் விட்டோம். ஆயினும் அத்துடன் ஆங்கிலத்தை மூட்டை கட்டி வைத்துவிடலாம் என்று எண்ணுவோருடன் எமக்கு உடன்பாடில்லை. தமிழிற் கற்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவும் கூடாது. அத்தந்தை பின் வாங்கில் அமர்ந்திருந்த மன்றிலே எழுந்து பேச ஆங்கிலமின்றி இயலவும் இயலாது. இரண்டையும் சுமக்க வேண்டியிருப்பது நம் பிள்ளைகளுக்கு மட்டும் வாய்த்த கூடுதற் பாரம். அது நீதியன்று, ஆனாலும் உண்மை.

ஆகவே அவளுக்கு நாம் வகுத்த திட்டம் எளியது. நாள்தோறும் ஒரு தலையங்கம், ஒரே வசனத்திற் சுருக்கம். அதே செய்தியை ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலும் வாசித்தல். தெரியாத சொல் ஐந்துக்கு மேல் எழுதலாகாது, ஏனெனில் ஐம்பது எழுதுபவர் மூன்றாம் நாள் கொப்பியையே மூடிவிடுவர். வாரத்தில் இரு நாள், மணிக்கூட்டை எதிரில் வைத்துக்கொண்டு நுண்ணறிவு வினாக்கள். மூன்று மாதத்திற் சித்தி என்று விளம்பரஞ் செய்யும் வகுப்புகளைப் பற்றிக் கேட்டாள். பழைய வினாக்களைப் பழக அவை உதவக்கூடும். பத்தாண்டு வாசிக்காததை மூன்று மாதத்தில் எவரும் ஊட்டிவிட இயலாது என்றோம்.

விண்ணப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறிவித்தலை வர்த்தமானியிலேயே பார்க்க வேண்டும். அடுத்த வீட்டார் சொல்லிக் கேட்பது போதாது. சாதாரண தரத்தில் எம்மொழிக்கு எத்தரச் சித்தி வேண்டும் என்பதை விரல் வைத்து வாசிக்க வேண்டும். நம் ஊரில் பெயரே பெருந்தொல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், பரீட்சைச் சான்றிதழில் மூன்றாவது விதம். இப்பெண்ணின் பெயருக்கும் ஆங்கிலத்தில் இரு எழுத்துக்கூட்டல்கள் இருந்தன. சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வருமாறு அன்றே கூறினோம். முன்னர் ஒரு மாணவன் முடிவு நாளன்று இதைக் கண்டுபிடித்து, ஓராண்டையே இழந்தான்.

பரீட்சையைக் காட்டிலும் கடினமான வாசல் வீட்டில் இருந்தது. உம்மாவுக்குச் சம்மதமில்லையாம். கல்முனையிலிருந்து கொழும்புக்கு இராப் பயணம், தங்குமிடம், மணமாகாத பெண். அன்றியும், 2013 சனவரியில் பொது பல சேனா அமைப்பினர், நுழைவுப் பரீட்சை முடிவு முஸ்லிம் மாணவருக்குச் சாதகமாகத் திரிக்கப்பட்டது என்று குற்றஞ்சாட்டிச் சட்டக் கல்லூரிக்கே சென்று ஆர்ப்பாட்டஞ் செய்தது அவர் நினைவில் இன்னும் இருந்தது. பெண் பிள்ளையின் தந்தையாகிய எமக்கு அந்தத் தாயின் அச்சத்தை எளிதாக ஒதுக்கிவிட மனம் வரவில்லை. கல்முனையிற் படித்துச் சட்டக் கல்லூரி சென்று சனாதிபதி சட்டத்தரணியாகவும் அமைச்சராகவும் உயர்ந்த மர்ஹூம் அஷ்ரபின் பெயரைத் தந்தையார் எடுத்தார். "அவர் ஆம்பிளை" என்று உம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டாராம்.

மறுவாரம் உம்மாவும் வந்தார். எமது மனைவியாருடன் உள்ளே நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினர் என்பது எமக்குத் தெரிவிக்கப்படவில்லை. புறப்படும்போது, "முதல்ல சோதினைய எடுக்கட்டும், சேர், மத்ததப் பொறகு பாப்பம்" என்றார். அதற்குப் பெயர் சம்மதம் என்று மனைவியார் எமக்கு விளக்கினார்.

இப்போது சனிக்கிழமைதோறும் ஒரு கொப்பி வருகின்றது. தொடக்கத்திற் பக்கம் நிறைந்திருந்த சுருக்கங்கள் மூன்று வரியாகி, இரண்டாகி, சென்ற வாரம் ஒரே வசனமாயின. அவ்வசனத்தின் கீழே, எம் சொற்படி அன்றித் தானாகவே, "ஆசிரியர் கூறும் காரணம் போதாது" என்றும் எழுதியிருந்தாள். எமக்கு அந்தத் தலையங்கத்தில் முழு உடன்பாடு இருந்தது. ஆகவே மறுபடியும் வாசித்துப் பார்த்தோம். அவள் சொன்னது சரி.

தண்டனைச் சட்டக்கோவை இன்னும் எமது அலுமாரியிலேயே இருக்கின்றது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டாராம். கல்லூரிக்குப் போகும் நாளில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.