குதித்துப் போன ஆற்காட்டு டாக்டர்

லோத்குண்டாவில் ராணுவம் கண்ணில் படாமல் ஒரு நாள் கழியாது. செகந்திராபாத்திலிருந்து அல்வால் பக்கம் போகும் நெடுஞ்சாலை நெடுகிலும் கண்டோன்மென்ட் மதில்கள். பக்கத்துத் திருமலகிரியில் ராணுவப் பொறியியல் பிரிவான இஎம்இயின் மையம், ராணுவ மருத்துவமனை. மதராஸ் பட்டாளத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் இந்தப் பக்கத்தில் உண்டு. பாதி தெலுங்கும் கால்வாசி உருதும் கலந்த தமிழ் பேசுவார்கள். ஓய்வுபெற்றவர்கள் நாலு பேர் கூடினால் பென்ஷன், கேன்டீன் கார்டு, முட்டிவலி என்று பேச்சு ஒரு சுற்று வரும்.

இங்கே ‘பாரா’ என்றால் விளக்கம் தேவையில்லை. மெரூன் தொப்பி, நெஞ்சில் பாராசூட் சிறகு, அவ்வளவுதான். ஆனால் பாரா வீரர் ஒருவர் பெயரைச் சொல்லு என்று வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் அமெரிக்கக்காரர் பெயர்தான் வருகிறது. ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ தொடர் செய்த வேலை அது. அந்தத் தொடரின் நாயகன் டிக் வின்டர்ஸ் நிஜ மனிதர். 1944 ஜூன் 6 அதிகாலை நார்மண்டியில் குதித்தவர். உயிரோடு ஊர் திரும்பினால் ஒரு நிலத்தை வாங்கி நிம்மதியாக இருந்துவிடுவேன் என்று அன்றே நினைத்துக்கொண்டாராம். அப்படியே செய்தார். பென்சில்வேனியாவில் பண்ணை வாங்கினார், மாட்டுத் தீவனம் விற்றார். நல்ல வாழ்க்கைதான். அவரைத் தெரிந்து வைத்திருப்பதில் எனக்கு வருத்தமில்லை. அமெரிக்கப் பாரா வீரர்களோடு தோளுரசிக் குதித்த தமிழர் ஒருவரைத் தெரியாமல் இருக்கிறோமே என்பதுதான் உறுத்துகிறது.

அவர் பெயர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். டாக்டர். 1941 அக்டோபரில் டெல்லியில் 50-வது இந்தியப் பாராசூட் பிரிகேட் உருவானபோது அதில் மூன்று பட்டாலியன்கள்: 151 பிரிட்டிஷ், 152 இந்தியன், 153 கூர்க்கா. நடுவில் உள்ளதற்கு மருத்துவ அதிகாரி ரங்கராஜ். விமானத்திலிருந்து குதித்த முதல் இந்தியச் சிப்பாய்கள் என்று பாரா படையின் வரலாறு இருவரைச் சொல்கிறது. ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங், இன்னொருவர் நம் டாக்டர்.

அந்தக் காலத்துக் குதிப்பு எப்படிப்பட்டது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதுகில் பாராசூட் மூட்டை. அதை இழுத்துத் திறக்கும் கயிற்றின் மறுமுனை விமானத்துக்குள் மாட்டியிருக்கும். சிவப்பு விளக்கு எரிந்தால் வாசலுக்கு வர வேண்டும், பச்சை எரிந்தால் போக வேண்டும். ஆயிரம் அடி உயரம் என்றால் தரைக்கு வர ஒரு நிமிஷம் ஆகாது. இரண்டு பாதத்தையும் முட்டியையும் சேர்த்து வைத்து, தரையைத் தொட்ட உடனே பக்கவாட்டில் உருண்டுவிட வேண்டும். காலை அகட்டி இறங்கினால் எலும்பு போச்சு. இன்றைக்கும் ஆக்ராவில் ஐந்து குதிப்பு முடித்தால்தான் சிறகு. ஆனால் மற்றவர்களுக்குக் குதித்ததும் துப்பாக்கி வேலை. டாக்டருக்குக் குதித்த இடத்தில் ஆஸ்பத்திரி கட்டுகிற வேலை.

1950-ல் கொரியாவில் போர் மூண்டது. இந்தியா துப்பாக்கிப் படை அனுப்பவில்லை. அனுப்பியது 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவை. தளபதி லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ். நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கி வடக்கே பியோங்யாங் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சீனப் படைகள் புகுந்து ஐ.நா. படைகளைத் தெற்கே விரட்ட ஆரம்பித்தன. பியோங்யாங்கைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு. வண்டி கிடையாது, சாமான்களை அழித்துவிட்டுக் கிளம்புங்கள் என்றார்கள். அறுவைக் கருவியும் மருந்தும் இல்லாத மருத்துவப் பிரிவு எதற்கு உதவும்? ரங்கராஜின் ஆட்கள் தேடிப்பிடித்தது ஒரு பழைய நீராவி எஞ்சினை. வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு பாய்லரை நிரப்பினார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்த ஜவான்கள் அவர்களிலேயே இருந்தார்கள். பெட்டிகளில் சாமான்களை ஏற்றி, பாலம் தகர்க்கப்படுவதற்குள் ஆற்றைத் தாண்டிச் சியோல் போய்ச் சேர்ந்தார்கள். கொரியப் போர் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் இது. சினிமாவாக எடுத்தால் நம்ப மாட்டார்கள்.

அதன் பிறகு ஒரு பகுதி தேகு நகரில் மேஜர் என்.பி. பானர்ஜியின் பொறுப்பில் மருத்துவமனை வேலை பார்த்தது. இன்னொரு பகுதி காமன்வெல்த் பிரிகேடோடு முன்வரிசையில் நின்றது. 1951 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் 187-வது வான்வழிப் படை சியோலுக்கு வடக்கே முன்சான்-நி என்ற இடத்தில் குதித்தது. ‘டோமஹாக்’ என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள். அவர்களோடு ரங்கராஜையும் சேர்த்து இந்தியர் 12 பேர். பின்வாங்கும் எதிரியை வளைத்துப் பிடிப்பது திட்டம். ஆனால் எதிரிப் படையில் பெரும்பகுதி அதற்குள் நழுவிவிட்டது. ஒரு பட்டாலியனை வேறு இடம் மாற்றிப் போட்டுவிட்டார்கள். குண்டடி பட்டவர்கள், குதித்ததில் எலும்பு முறிந்தவர்கள் என்று டாக்டர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ராணுவக் கணக்கில் டோமஹாக் பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. அங்கே மேஜையில் கிடத்தப்பட்ட அமெரிக்கப் பையனுக்கு அந்தக் கணக்கால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

60-வது பிரிவு 1954 வரை கொரியாவில் இருந்தது. ரங்கராஜுக்கும் பானர்ஜிக்கும் மகாவீர் சக்ரா என்ற வீர விருது கிடைத்தது. துப்பாக்கி தூக்காத ஒரு பிரிவுக்கு இரண்டு மகாவீர் சக்ரா! பிரிவு இன்றும் இருக்கிறது, ஆக்ராவில். 2023 பிப்ரவரியில் துருக்கியில் நிலநடுக்கம் வந்தபோது இஸ்கண்டெருனில் மருத்துவமனை போட்டது இதே 60-தான். அங்கே வேலை பார்த்த மேஜர் பீனா திவாரியைத் துருக்கிப் பெண்மணி ஒருவர் கட்டியணைத்து முத்தமிடும் படம் பத்திரிகைகளில் வந்ததே, நினைவிருக்கலாம்.

வின்டர்ஸ் ஓய்வு கேட்டார், பெற்றார். ரங்கராஜ் போன வழி வேறு. ராணுவத்தை விட்டபின் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பில் இறங்கினார். போர்முனையைவிட அது லேசான இடமில்லை. சாலை இல்லாத மலைக் கிராமங்கள். வீட்டுப் பெண்களை வேற்று ஆண் தொட்டு ஊசி போட விடமாட்டார்கள். போதாக்குறைக்கு, அம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்ததையே ஆரோக்கியமானவர் தோலில் கீறி ஏற்றும் பாரம்பரிய வைத்தியர்கள் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நோயைத் தடுப்பதாக நினைத்து நோயையே பரப்பினார்கள். வீடு வீடாகப் போய் அம்மை கண்டவரைத் தேடுவது, அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு ஊசி போடுவது, அடுத்த பள்ளத்தாக்குக்கு நடப்பது. எழுபதுகளின் முற்பாதியிலேயே ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஓய்ந்தது. 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள்.

லோத்குண்டாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள பேகம்பேட்டில்தான் ரொனால்ட் ராஸ் என்ற இன்னொரு ராணுவ டாக்டர், 1897 ஆகஸ்ட் 20 அன்று, கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். அந்தக் கட்டிடத்தை இன்றும் காட்டுகிறார்கள். நியாயம்தான். ரங்கராஜ் பெயரில் இந்தக் கண்டோன்மென்டில் ஒரு சந்துக்காவது பலகை உண்டா என்று பார்த்தேன். என் கண்ணில் படவில்லை. தென்கொரியா 2020 ஜூலையில் அவரைத் தன் போர் நாயகனாகத் தேர்ந்தெடுத்துக் கௌரவித்தது. அங்கே அவருக்குச் சிறப்புச் செய்கிறார்கள், இங்கே அவரைத் தேட வேண்டியிருக்கிறது.

எல்லாப் பாரா வீரருக்கும் இப்படி இரண்டாவது வாழ்க்கை அமைவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜவானாகச் சேர்ந்தவர் நாற்பதை ஒட்டி வெளியே வருகிறார். பாரா படி நின்றுபோகும். பெண் கல்யாணமும் வீட்டுக் கடனும் அப்போதுதான் ஆரம்பிக்கும். துப்பாக்கி லைசென்ஸ் இருந்தால் வங்கி வாசலில் காவல் வேலை, இல்லையென்றால் அபார்ட்மென்ட் செக்யூரிட்டி. அமெரிக்காவில் 1944-லேயே திரும்பிவரும் வீரர்களுக்கு என்று தனிச் சட்டம் போட்டுக் கல்லூரிப் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் வழி செய்தார்கள். நம்மிடம் பென்ஷனும் கேன்டீனும் இலவச மருத்துவமும் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆகாயத்திலிருந்து குதித்து, இறங்கிய இடத்தில் இருப்பதை வைத்துச் சமாளிக்கப் பழகிய நாற்பது வயது ஆளுக்கு வங்கி வாசலைத் தவிர வேறு வேலை ஒன்றை யோசிக்க இந்த நாட்டால் ஏன் முடியவில்லை என்பதை ஓய்வுபெற்றவர்கள் சங்கக் கூட்டங்களில் இன்னும் கொஞ்சம் உரக்கவே கேட்கலாம்.