ஒரு ரூபாய்த் தாளும் அதன் விவரக் குறிப்பும்

கணக்கேட்டில் தொகை மட்டும் இருந்து விவரப் பத்தி வெறுமையாக இருந்தால், அப்பதிவால் யாருக்கும் பயனில்லை. பணம் யாரிடமிருந்து, எதற்காக, எந்நாளில் வந்தது என்று எழுதியிருந்தால்தான் பல ஆண்டுகளுக்குப் பின்னும் அது சான்றாக நிற்கும். இணையவழிக் கண்காட்சிகளுக்கும் இவ்விதி பொருந்தும். பழைய நாணயமோ, கடிதமோ, ஒளிப்படமோ, அதன் மின்படிவத்தோடு ஒரு விவரக் குறிப்பும் இணைந்திருக்க வேண்டும். இதனையே மீத்தரவு அல்லது மெட்டாடேட்டா என்கிறோம்.

இக்குறிப்பை எழுதுவதற்கு உலகெங்கும் வழங்கும் அமைப்புகளுள் ஒன்று டப்ளின் கோர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள டப்ளின் நகரில் 1995-ஆம் ஆண்டு நடைபெற்ற கூட்டத்தில் இது உருவாகத் தொடங்கியது. தலைப்பு, ஆக்கியோர், நாள், மொழி, உரிமை முதலிய 15 கூறுகள் இதில் உள்ளன. நம் நாட்டில் மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழுள்ள அருங்காட்சியகங்கள் சில, சி-டாக் நிறுவனம் புனேயில் உருவாக்கிய ஜதன் மென்பொருளின் துணையோடு தம் சேகரிப்புகளை இணையத்தில் காட்சிக்கு வைத்துள்ளன.

குறிப்பு எழுதும் முறையை அறிய, இந்திய அரசின் முதல் ஒரு ரூபாய்த் தாளை எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போரின்போது வெள்ளிக்குத் தட்டுப்பாடு ஏற்படவே, 1917 நவம்பர் 30 அன்று இத்தாள் வெளியிடப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் தாங்கிய வெள்ளி ரூபாயின் படமே அதில் அச்சிடப்பட்டிருந்தது.

வெளியிட்டவர் என்ற இடத்தில் 'ரிசர்வ் வங்கி' என எழுதிவிடத் தோன்றும். ஆனால் ரிசர்வ் வங்கி செயல்படத் தொடங்கியது 1935 ஏப்ரல் 1 அன்றுதான். எனவே 'இந்திய அரசு' என்பதே சரி. இன்றும் ஒரு ரூபாய்த் தாளை வெளியிடுவது அரசே. அதில் நிதித்துறைச் செயலாளர் கையொப்பமிடுகிறார்.

நாள் குறிப்பதிலும் கவனம் தேவை. 1917 என்று அச்சிடப்பட்ட தாள்களில் கப்பே, மக்வாட்டர்ஸ், டென்னிங் ஆகிய மூவருள் ஒருவரின் கையொப்பம் காணப்படும். ஆகவே தாளிலுள்ள ஆண்டு மட்டும் போதாது. கையொப்பத்தையும் குறித்தால்தான் அது எக்காலத்தைச் சேர்ந்தது என ஆய்வாளர் கணிக்க இயலும். தாளில் உள்ளது ஒன்று, நாம் ஊகிப்பது வேறொன்று. ஊகத்தை 'இருக்கலாம்' என்று தனியே குறிக்க வேண்டும். மின்படி எடுத்த நாளையும் தாளின் நாளோடு கலக்காமல் வேறாகப் பதிய வேண்டும்.

தேடுவோர் எல்லாரும் ஒரே சொல்லால் தேடுவதில்லை. ஒருவர் 'ரூபாய் நோட்டு' என்பார். மற்றொருவர் 'பணத்தாள்' என்பார். ஒன்றை முதன்மைச் சொல்லாகக் கொண்டு, மற்றவற்றைத் துணைச்சொற்களாகச் சேர்ப்பது நல்லது. முன்பக்கம், பின்பக்கம் ஆகிய இரு படங்களுக்கும் ஒரே பதிவெண் இருந்தால் அவை பிரியமாட்டா. படத்தில் காண்பதைச் சொற்களால் விளக்கிவிட்டால், பார்வையற்றோரும் திரைவாசிப்பான் வழியே கண்காட்சியில் பங்கேற்கலாம்.

வங்கியாளர்கள் என்ற முறையில் நாங்கள் வலியுறுத்துவது ஒன்றுண்டு. பழைய பாஸ்புக், காசோலை போன்றவற்றைக் காட்சிக்கு வைக்கும்போது கணக்கு எண், முகவரி, கையொப்பம் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். உரிமையாளரின் இசைவு பெற்றதையும் குறிப்பில் பதியுங்கள்.

உங்கள் வீட்டிலும் தாத்தாவின் பணிநியமன ஆணை, திருமணப் படம், பழைய பத்திரம் என எத்தனையோ இருக்கும். அவற்றைக் கைபேசியில் படமெடுத்தால் வெறும் எண்களே கோப்பின் பெயராக அமையும். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, அசல் எவரிடம் உள்ளது என்ற நான்கையும் இன்றே எழுதிச் சேர்த்துவிடுங்கள். இவற்றை அறிந்த முதியோர் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதுவது நலம். அவர்களுக்குப் பின், படம் இருக்கும். அதில் நிற்பவர் யாரென்று சொல்ல ஆளிருக்காது.