280 குதிரை... மீதியை எங்கே ஒளித்தார்கள்?

ஜப்பான்காரர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று உங்களிடம் யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். சொல்வார்கள். அதுவும் எல்லோரும் ஒன்றாகக் கூடி, ஒரே பொய்யை, பதினைந்து வருஷம் விடாமல் சொன்னார்கள். அந்தப் பொய்யின் பெயர் 280.

விஷயம் இதுதான். 1988ல் ஜப்பானில் சாலை விபத்துகளில் இறந்தவர்களின் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது. அரசாங்கம் முறைத்துப் பார்த்தது. கார் கம்பெனிகள் தங்களுக்குள் கூடிப் பேசி, 'இனி நாம் யாரும் 280 குதிரை சக்திக்கு மேல் கார் விற்க வேண்டாம்' என்று ஒரு முடிவுக்கு வந்தன. சட்டம் கிடையாது. கை குலுக்கல் மட்டும்தான்.

1989ல் நிஸ்ஸான் 300 இஸட்.எக்ஸ். வந்தது. 280. அதே வருஷம் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். வந்தது. 280. ஹோண்டா என்.எஸ்.எக்ஸ்., 280. 1993ல் டொயோட்டா சுப்ரா, 280. அப்புறம் மிட்ஸுபிஷி, சுபாரு என்று வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் 280! நம்ம ஆபீஸில் வருஷக் கடைசியில் எல்லார் ரிப்போர்ட்டிலும் 'திருப்திகரம்' என்று எழுதி வைப்பார்களே, அந்த மாதிரி. இதில் வேடிக்கை, அதே சுப்ரா கப்பலேறி அமெரிக்காவில் இறங்கியதும் 320 குதிரை ஆகிவிட்டது. கடல் காற்று ஒத்துக்கொண்டதோ என்னவோ!

2004ல் ஹோண்டா லெஜண்ட் 300 என்று வெளிப்படையாகப் போட்டுக்கொண்டு வந்தபோதுதான் இந்த நாடகம் முடிந்தது. ஆனால், அந்தப் பதினைந்து வருஷத்தில் 'இன்ஜினுக்குள்ளே இன்னும் எவ்வளவோ ஒளிச்சு வெச்சிருக்கான்' என்று ஊரில் உள்ள அத்தனை இளைஞர்களுக்கும் தெரிந்து போயிற்று. ஒளித்து வைத்ததைத் தோண்டி எடுக்கும் வேலைக்குத்தான் டியூனிங் என்று பெயர்.

எவ்வளவு ஒளித்து வைத்தார்கள்? ஸ்கைலைன் கதையைக் கேளுங்கள். அதன் இன்ஜின் 2568 சி.சி. இது என்ன கணக்கு, 2500 என்றோ 2600 என்றோ வைத்துத் தொலைக்கக் கூடாதா? கூடாது. அந்தக் காலத்து 'குரூப் ஏ' ரேஸ் விதிப்படி, டர்போ இருந்தால் சி.சி.யை 1.7ஆல் பெருக்கி வகுப்பு பிரிப்பார்கள். பெருக்கிப் பாருங்கள்... 4365 சொச்சம் வரும். 4500 சி.சி. வகுப்புக்குள் ஜாக்கிரதையாக உட்கார்ந்துவிடும். ரேஸ் கார், ரோட்டில் விற்கும் காரிலிருந்துதான் உருவாக வேண்டும் என்பது இன்னொரு விதி. அதனால் ஐந்நூறு குதிரைக்கு மேல் இழுக்கப் போகிற ரேஸ் இன்ஜினின் எலும்புக்கூட்டை அப்படியே ரோட்டுக் காரிலும் வைத்து, மேலே 280 என்று சீட்டு ஒட்டி விற்றார்கள். 1990லிருந்து 1993 வரை ஜப்பான் டூரிங் கார் போட்டியில் ஓடிய 29 ரேஸையும் ஜி.டி.ஆர். ஜெயித்தது. இருபத்தொன்பதும்! ஆஸ்திரேலியாவில் பாத்தர்ஸ்ட் மலை ரேஸை 1991லும் 1992லும் தட்டிக்கொண்டு போனது. அவர்கள் வைத்த பெயர்தான் 'காட்ஸில்லா'.

சுப்ராவின் மூன்று லிட்டர் இன்ஜினும் சளைத்ததில்லை. வார்ப்பிரும்பு பிளாக். ஆயிரம் குதிரையைத் தாண்டிய சுப்ராக்கள் உண்டு. (ஆயிரம் குதிரையை வைத்துக்கொண்டு தக்காளி வாங்கப் போக முடியாது என்பது வேறு விஷயம்.)

இந்தத் தோண்டும் தொழிலுக்கு ஒரு பெரிய பெயர் எச்.கே.எஸ். 1973ல் ஃபூஜி மலையடிவாரத்தில் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் ஹிரோயுகி ஹசேகவா, யமஹாவில் இன்ஜினீயராக இருந்தவர். அடுத்த வருஷமே, சாதாரணக் காரில் மாட்டிக்கொள்ள டர்போ கிட் போட்டுவிட்டார்கள். 1983ல் டோக்கியோவில் இதற்கென்று தனிக் கண்காட்சியே தொடங்கியது. இன்றைக்கும் ஒவ்வொரு ஜனவரியிலும் 'டோக்கியோ ஆட்டோ சலோன்' என்ற பெயரில் நடக்கிறது. தேர்த் திருவிழா கூட்டம்.

டர்போ என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு பாரா. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். சோறு வடித்த கஞ்சியைக் கீழே கொட்டாமல் மாட்டுக்கு வைத்துப் பால் கறக்கிறோம் இல்லையா, அதுதான். சைலன்ஸர் வழியாக வீணாகப் போகிற சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரிக்கலாம். சக்தி கூடும். அமுக்கம் அளவு மீறாமல் இருக்க, புகையை வேறு வழியாக வெளியே விடும் ஒரு கதவு உண்டு. வேஸ்ட் கேட் என்பார்கள். 'பூஸ்ட்டை ஏத்தறது' என்றால் இந்தக் கதவை ஏமாற்றித் தாமதமாகத் திறக்க வைப்பது. ஒரு சின்னப் பெட்டியை மாட்டி, ஒரு பட்டனைத் திருகினால் போதும். அரை மணி நேர வேலை. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

நான் யோகோஹாமாவில் மூன்று வருஷம் குப்பை கொட்டினேன். ஆபீஸில் எனக்கு எதிர் சீட்டுக்காரர் ஒரு நிஸ்ஸான் ஸில்வியா வைத்திருந்தார். (பெயர் வேண்டாம், வீட்டில் பிரச்னை ஆகும்.) எஸ்-14 மாடல், செகண்ட் ஹாண்ட். இரண்டு லிட்டர் டர்போ, 220 குதிரை. திங்கள் முதல் வெள்ளி வரை மானேஜருக்கு இடுப்பை வளைத்துக் கும்பிடு போடுவார். சனிக்கிழமை ராத்திரி ஆனால் ஆள் வேறு.

அந்த மனுஷர் ஏதோ ஒரு கடையில் பூஸ்ட் பெட்டியை வாங்கி, கம்பெனி வைத்த அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏற்றிவிட்டார். காற்று கூடுதலாக உள்ளே போகிறது. பெட்ரோல்? பீய்ச்சுகிற இன்ஜெக்டர் பழையது. பம்ப் பழையது. கம்ப்யூட்டரில் உள்ள கணக்கும் பழையது. சாதாரணமாக ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது சமக் கணக்கு. முழு வேகத்தில் இழுக்கும்போது பெட்ரோலைத் தாராளமாக விட்டு, பன்னிரண்டுக்கும் கீழே கொண்டுவர வேண்டும். உபரி பெட்ரோல்தான் உள்ளே சூட்டைத் தணிக்கும். அது குறைந்தால் கலவை நேரங்கெட்ட நேரத்தில் தானாக வெடிக்கும். 'டிக் டிக் டிக்' என்று சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம் வரும். பாட்டு சத்தமாக வைத்திருந்தால் அது காதில் விழாது.

எதிர் சீட்டுக்காரர் பாட்டு சத்தமாகத்தான் வைத்திருந்தார்.

மலைப்பாதையில் ஏறும்போது புகை. அழுத்தம் அளந்து பார்த்ததில் மூன்று சிலிண்டரில் 11, ஒன்றில் 4. பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து போயிருந்தது. ஆறு மாசத்தில் கல்யாணம் வைத்திருந்தார்கள். கையில் இருந்த காசு அதற்கென்று சேர்த்தது. பெண்ணிடம் 'கார் சர்வீஸுக்குப் போயிருக்கு' என்று சொல்லிவிட்டு, ஆபீஸில் என்னிடம் வந்து ஈனஸ்வரத்தில் முனகினார்.

நாங்கள் போன பட்டறை இரண்டு கார் மட்டுமே நிற்கும் இடம். பெரியவர் ஒருத்தர், அறுபது தாண்டியிருக்கும், விரல் நகத்தில் நாற்பது வருஷ கிரீஸ். எத்தனை குதிரை வேண்டும் என்று கேட்பார் என எதிர்பார்த்தோம். அவர் கேட்டது: ''ஓட்டும்போது ஆயில் சூடு எவ்வளவு காட்டுச்சு?''

மீட்டரே இல்லை.

''பூஸ்ட் ஏத்தினப்புறம் பிரேக் மாத்தினியா?''

இல்லை.

''டயர்?''

நம்மவர் தரையைப் பார்த்தார். பெரியவர் பானட்டை மூடிவிட்டு டீ போடப் போய்விட்டார்.

அவர் போட்ட வரிசையைத்தான் நான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில் பிரேக், டயர், ஷாக் அப்ஸார்பர். அடுத்து ரேடியேட்டரும் ஆயில் கூலரும். அதற்கப்புறம்தான் இன்ஜின். அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன், உலோக ஹெட் காஸ்கெட், பெரிய இன்ஜெக்டர், பெரிய பெட்ரோல் பம்ப், டர்போ திணிக்கிற சூடான காற்றைக் குளிர்விக்கப் பெரிய இன்டர்கூலர். கடைசியில் கம்ப்யூட்டர் கணக்கைத் திருத்துவது. பெரும்பாலான பையன்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் சத்தமாகக் கத்தும் சைலன்ஸர், இரண்டாவது ஸ்டிக்கர். ஸ்டிக்கருக்கு ஐந்து குதிரை கூடும் என்று அங்கேயும் ஒரு ஜோக் உண்டு.

கடைசி நாள் டைனோவில் ஏற்றினார்கள். உருளைகளின் மேல் பின்சக்கரம் சுழலும். கார் நகராமல் நாலு பக்கமும் பட்டை கட்டி, எதிரே ஒரு ராட்சச மின்விசிறி. பெரியவர் காதில் ஹெட்போன். இன்ஜின் பிளாக்கில் ஒரு மைக்கை ஒட்டி, அந்த 'டிக் டிக்' வருகிறதா என்று கேட்டுக்கொண்டே கணக்கைத் திருத்தினார், டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்ப்பது போல. 280... 290... 300ஐத் தொட்டதும் நிறுத்திவிட்டார்.

''350 வரும்னு சொன்னாங்களே?'' என்றார் எதிர் சீட்டுக்காரர்.

''வரும். எத்தனை நாளைக்குன்னு யாராவது சொன்னாங்களா?''

இந்த நேரம் பார்த்துக் கல்யாணப் பெண் பட்டறைக்கு வந்து நின்றார். சர்வீஸ் எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான்! நம்மவர் முகம் வெளிறிவிட்டது. அந்தப் பெண் சத்தம் போடவில்லை. காரைச் சுற்றி வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ''ஸ்டியரிங்கில் இருந்த ஏர்-பேக் எங்கே?''

அழகுக்காகச் சின்ன ரேஸ் ஸ்டியரிங் மாட்டியிருந்தார். பழைய ஸ்டியரிங்கோடு ஏர்-பேக்கும் அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டது. பெரியவர் ஒன்றும் பேசாமல் ஸ்பானரை எடுத்து, அன்றைக்கே பழைய ஸ்டியரிங்கைத் திரும்ப மாட்டினார். அதற்குக் காசு வாங்கவில்லை. மற்றதற்கெல்லாம் வாங்கினார். கோடை போனஸும் குளிர்கால போனஸும் சேர்த்து அவுட். கல்யாணம் சிக்கனமாக நடந்தது.

ஜப்பானில் இவ்வளவும் செய்து முடித்தபின் அரசாங்கம் ஒன்று இருக்கிறது. 'ஷாகென்' என்று ஒரு பரிசோதனை. புதுக் காருக்கு முதலில் மூன்று வருஷம், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. தரைக்கும் காரின் வயிற்றுக்கும் ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், சத்தம் அளவோடு இருக்க வேண்டும், புகை சுத்தமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டில் இறங்க முடியாது. இன்னொரு தமாஷ், ஜப்பானில் விற்கிற கார்களில் 180 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கட்டுப்பாடு வைத்திருப்பார்கள். பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் சட்டப்படி வேகம் 100தான். 300 குதிரையை வாங்கி, 180க்குப் பூட்டு போட்டு, 100ல் ஓட்டு என்கிறார்கள்.

பார்க்க வேண்டிய இடம் யோகோஹாமா துறைமுகம் பக்கம் உள்ள டைக்கோகு பார்க்கிங். வளைந்து வளைந்து போகிற மேம்பாலங்களுக்கு நடுவே ஒரு மைதானம். சனிக்கிழமை சாயந்திரம் சுப்ரா, ஜி.டி.ஆர்., ஆர்.எக்ஸ்-7 எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கூட்டம் மிஞ்சினால் போலீஸ் ஒலிபெருக்கியில் மரியாதையாக அனுப்பிவிடும். அங்கே ஓர் ஆள் காரைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போவார், ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். மறதி இல்லை. டர்போ டைமர். டர்போ நெருப்பாகக் கொதிக்கும்போது இன்ஜினை நிறுத்தினால், உள்ளே நிற்கிற ஆயில் கருகிப் போகும். அதனால் ஒரு நிமிஷம் தானே ஓடிவிட்டுத் தானே நிற்கும். எனக்கு அந்த ஒரு நிமிஷம் ரொம்பப் பிடிக்கும்.

என் கட்சி எது என்று கேட்டால், டர்போ கட்சி இல்லை. ஹோண்டா 1989லேயே 1.6 லிட்டர் இன்ஜினில், டர்போவே இல்லாமல், 160 குதிரை எடுத்தது. லிட்டருக்கு நூறு! அதில் மேலும் பத்து குதிரை எடுக்கக் கேம் ஷாஃப்ட், வால்வு என்று மாசக்கணக்கில் இழைக்க வேண்டும். பட்டனைத் திருகும் வேலை இல்லை. அல்லது டொயோட்டா ஏ.இ.86. சுமார் 130 குதிரைதான். 1995ல் ஷுய்ச்சி ஷிகேனோ 'இனிஷியல் டி' என்ற படக்கதையில் அந்தக் காரை டோஃபு டெலிவரி வண்டியாக்கினார். 1987லேயே தயாரிப்பு நின்றுபோன அந்த டப்பாவுக்கு இன்று ராஜ மரியாதை. ஆர்.எக்ஸ்-7 பற்றிக் கேட்காதீர்கள். பிஸ்டனே இல்லாத ரோட்டரி இன்ஜின், இரண்டு டர்போ, பானட்டைத் திறந்தால் இடியாப்பம் மாதிரி ரப்பர் குழாய்கள். அழகிதான், செலவாளி.

நம்ம ஊரில் இதெல்லாம் முடியுமா என்று ஆபீஸில் பையன்கள் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் அதைத்தான். ஆகவே பூஸ்ட்டைத் திருகும் ஆசை உள்ளவர்கள் ரேஸ் டிராக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றபடி அந்தப் பெரியவரின் வரிசையில் முதல் இரண்டு, அதாவது நல்ல பிரேக் பேட், கம்பெனி சொன்ன சைஸிலேயே நல்ல டயர், இவற்றுக்கு எந்த ஆர்.டி.ஓ.வும் தடை சொல்ல மாட்டார்.

எதிர் சீட்டுக்காரர் போன மாசம் போன் பண்ணினார். ஸில்வியா இன்னும் ஓடுகிறதாம். பின்சீட்டில் பையன் உட்கார்ந்து வருகிறானாம். பாட்டு மட்டும் வைப்பதில்லையாம்.