பிக்கப் வாகனங்களில் தானியங்கி கியர் கோளாறு: கவனிக்க வேண்டியவை

ஆந்திரத்தின் இன்றைய திருப்பதி மாவட்டத்திலுள்ள ஸ்ரீசிட்டியில் 2016 ஏப்ரலில் இசுசூ நிறுவனம் பிக்கப் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று 6 வேக தானியங்கி கியர் கொண்ட பிக்கப்களும் இந்தியச் சாலைகளில் ஓடுகின்றன. சுமையுடன் மலைச்சாலை ஏறும்போது இவ்வகைக் கியர்பெட்டி விரைவில் சூடேறும். சிறு கோளாறைப் புறக்கணித்தால் பெட்டியையே மாற்ற நேரிடலாம்.

எஞ்சின் வேகமெடுத்தும் வண்டியின் வேகம் கூடாதது, கியர் இட்டபின் தாமதித்து நகர்வது, கியர் மாறும்போது குலுங்குவது ஆகியவை முதன்மை அறிகுறிகள். கியர் ஆயிலின் அழுத்தமே உள்ளிருக்கும் கிளட்சுகளை இறுக்குகிறது. ஆயில் குறைந்தால் கிளட்ச் வழுக்கும், வெப்பம் பெருகும். ஆயில் கருத்து, கருகிய வாடை வீசினால் அது மிகை வெப்பத்தின் அடையாளம். அளவுகோல் இல்லாத வாகனங்களில், நிறுவனம் குறிப்பிட்ட வெப்பநிலையில் பணிமனையில்தான் ஆயில் அளவைச் சோதிக்க இயலும்.

ஸ்கேனரில் தோன்றும் பி0700 என்னும் குறியீடு, கோளாறு பதிவாகியுள்ளதை மட்டுமே உணர்த்தும், காரணத்தைக் கூறாது. எனவே அதை மட்டும் நம்பிக் கியர்பெட்டியை மாற்றக் கூடாது.

வழியில் பழுதானால், கயிறு கட்டி இழுப்பது ஆபத்து. எஞ்சின் நின்றால் ஆயில் பம்பும் நின்றுவிடும்; ஆயிலின்றிச் சுழலும் பாகங்கள் தேய்ந்து சேதமடையும். நான்கு சக்கரங்களும் தரையில் படாதவாறு வேறு வாகனத்தில் ஏற்றிச் செல்வதே பாதுகாப்பானது.